ஒரு மூட்டையின் பின்னால் நடங்கள்: பழைய கப்பல்களும் துறைமுக இயந்திரங்களும் உள்ள அருங்காட்சியகத்தைப் பார்க்கும் முறை

கேள்வி இது: பழைய கப்பல்களும் கிரேன்களும் நிற்கும் ஒரு கடல்சார் அருங்காட்சியகத்துக்கு முழுதாக ஒரு நாள் கையில் இருக்கிறது. முன்பு இப்படியொரு இடத்துக்குப் போனபோது ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. பெரிய பெரிய இரும்பு என்பதைத் தவிர மனதில் எதுவும் தங்கவில்லை. இந்த முறை எதைப் பார்ப்பது, எங்கே தொடங்குவது?

கப்பலைத் தனியாகவும் கிரேனைத் தனியாகவும் பார்ப்பதால்தான் அப்படி ஆகிறது. துறைமுகத்தில் இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். கப்பலின் அடியில் கிடந்த ஒரு மூட்டை கிடங்கின் கதவுவரை எப்படிப் போய்ச் சேர்ந்தது, வழியில் எத்தனை கை மாறியது, ஒவ்வொரு இடத்திலும் அதைத் தூக்கிய விசை எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே நடங்கள். சும்மா நிற்கும் சக்கரங்களும் கப்பிகளும் குழாய்களும் அப்போது தம் இடத்தில் பொருந்திப் புரியத் தொடங்கும்.

கிளம்பும் முன் அருங்காட்சியகத்திடம் இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள். முதலாவது, கப்பல்கள் எல்லாம் இப்போது இடத்தில் இருக்கின்றனவா? தண்ணீரில் மிதக்கும் கப்பல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிப்பகுதியைச் சுரண்டி வண்ணம் பூச, தண்ணீரை வடித்துவிடும் உலர்துறைக்குப் போயாக வேண்டும். நீங்கள் பார்க்க நினைத்த கப்பலே அந்த மாதம் இல்லாமல் போகலாம். இரண்டாவது, எந்த நாளில் எந்த இயந்திரம் ஓடும்? நீராவி இயந்திரத்தை நினைத்தவுடன் ஓட்ட முடியாது. உருளை வடிவ பழைய கப்பல் பாய்லரைக் குளிர்ந்த நிலையிலிருந்து சூடாக்கி அழுத்தம் ஏற்ற ஏறக்குறைய ஒரு முழு நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் நெருப்பறைக்கு மேலுள்ள தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, அதற்குக் கீழே உள்ளது குளிர்ந்த தண்ணீராகவே கிடக்கும். தகடுகள் ஒரே சீராக விரியாமல் மூட்டுகள் கசியத் தொடங்கும். அதனால் ஓட்டும் நாளை முன்கூட்டியே குறித்துவிடுவார்கள். உங்கள் பயணத்தை அந்த நாளுக்கு மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். ஓடும் இயந்திரத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றால் தெரிவது, ஓடாததன் முன்னால் அரை நாள் நின்றாலும் தெரியாது.

வந்ததும் கப்பலுக்குள் ஏறிவிடாதீர்கள். முதல் முக்கால் மணி நேரம் வெளியே, துறைமேடையிலேயே இருங்கள்.

கப்பலின் முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் செங்குத்தாக எண்கள் எழுதியிருக்கும். கப்பல் எவ்வளவு ஆழம் மூழ்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்கள் அவை. எண்ணின் அடிவிளிம்பு தண்ணீரைத் தொடும்போதுதான் அந்த அளவு சரி. மெட்ரிக் முறையில் எண்ணின் உயரம் 10 சென்டிமீட்டர், அடுத்த எண் 20 சென்டிமீட்டருக்கு ஒன்று. அடிக் கணக்கில் எழுதிய கப்பலில் எண்ணின் உயரம் 6 அங்குலம், இடைவெளி 12 அங்குலம். முன்னும் பின்னும் படித்துப் பாருங்கள். பின்பக்கம் அதிகமாக இருந்தால் கப்பல் பின்னால் சற்றே உட்கார்ந்திருக்கிறது. சரக்கு இல்லாத காட்சிக் கப்பல் உயர்ந்து மிதக்கும், அதனால் வேலை செய்த காலத்தில் நீருக்குள் இருந்த பகுதியில் பெரும் பங்கு இப்போது வெளியே தெரியும். படங்களில் பார்த்த உருவத்துக்கும் நேரில் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இதனால்தான்.

கப்பலின் நடுப்பகுதியில் ஒரு வட்டமும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கும். பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர், அளவுக்கு மேல் சரக்கேற்றி மாலுமிகளைச் சாகவிடுவதை எதிர்த்துப் போராடியதன் விளைவாக 1876-ல் சட்டமான குறி அது. வட்டத்தின் பக்கத்தில் ஏணிபோல் இருக்கும் கோடுகளைக் கவனியுங்கள். மேலிருந்து கீழாக: வெப்பமண்டல நன்னீர், நன்னீர், வெப்பமண்டலக் கடல், கோடை, குளிர்காலம், கடைசியாக வட அட்லாண்டிக் குளிர்காலம். மோசமான கடலுக்குக் கோடு கீழே இருக்கிறது, அதாவது அங்கே குறைவாகத்தான் ஏற்றலாம். நன்னீர்க் கோடு மேலே இருப்பதற்குக் காரணம் வேறு. கடல்நீர் நன்னீரைவிட 2.5 சதவீதம் அடர்த்தியானது. ஆற்றுத் துறைமுகத்தில் ஆழமாக மூழ்கும் கப்பல் கடலுக்குப் போனதும் தானாகவே உயர்ந்துவிடும்.

அடுத்து உடலின் தகடுகள். வரிசை வரிசையாகக் குமிழ்த் தலைகள் தெரிந்தால் அது ரிவெட் என்ற இணைப்பாணிகள் அடித்த கப்பல். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, செதில்போல் படிந்திருக்கும். வழவழவென்று இருந்தால் வெல்டிங். இரண்டாம் உலகப் போரில் கப்பல்களை வேகமாகக் கட்ட வெல்டிங் கைகொடுத்தது, புதிய ஆபத்தையும் கொண்டுவந்தது. 1943 ஜனவரியில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், துறையில் கட்டி நின்ற நிலையிலேயே நடுவில் பிளந்தது. ரிவெட் அடித்த உடலில் ஒரு தகட்டில் கிளம்பும் விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங் செய்த உடல் ஒரே துண்டு. குளிரில் நொறுங்கும் தன்மை அடைந்த எஃகில் விரிசல் தங்கு தடையின்றி ஓடிவிடும். அதன் பிறகு பல கப்பல்களில் விரிசலை நிறுத்துவதற்காகவே ரிவெட் அடித்த பட்டைகளைச் சேர்த்தார்கள். அந்தக் காலத்துச் சரக்குக் கப்பல் முன்னால் நின்றால் பக்கவாட்டின் மேல்விளிம்பை ஒட்டித் தேடிப் பாருங்கள்.

மரக்கப்பல் என்றால் முன்முனையாகிய அணியத்துக்கு நேராக நின்று பக்கவாட்டுக் கோட்டின் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். நடுப்பகுதி மேடிட்டு, இரு முனைகளும் தொங்கியிருப்பது தெரிந்தால் கப்பலுக்கு முதுகு வளைந்திருக்கிறது. நடுவில் உடல் பருமனாக இருப்பதால் தண்ணீர் அங்கே அதிகம் தாங்குகிறது. கூர்ந்த முனைகளில் தாங்குதல் குறைவு, எடையோ குறைவில்லை. நூறாண்டு மிதந்தால் அடிமரமாகிய ஏரா மெல்ல வளைந்துகொடுக்கிறது. 1797-ல் மிதக்கவிட்ட அமெரிக்கப் போர்க்கப்பல் கான்ஸ்டிட்யூஷனில் இந்த வளைவு ஓர் அடிக்கு மேல் இருந்ததால்தான் 1990-களில் அதைப் பெரிய அளவில் செப்பனிட்டார்கள்.

இனி உள்ளே போகலாம். எல்லோரும் முதலில் ஏறுவது கேப்டன் நிற்கும் மேல் அறைக்கு. அங்கே காட்சி அழகு, கற்பதற்குக் குறைவு. அதைக் கடைசிக்கு விடுங்கள். முதலில் இறங்க வேண்டியது சரக்கறைக்குள்.

சரக்கறையின் தரையில் நின்று மேலே பார்த்தால் சதுரமான வானம் தெரியும். மூட்டை போக வேண்டிய வாசல் அது ஒன்றுதான். அறை வாசலைவிடப் பல மடங்கு அகலம். ஓரத்தில் அடுக்கிய மூட்டைகளை வாசலுக்கு நேர் கீழே ஆள்தான் இழுத்து வர வேண்டும், கிரேனின் கொக்கி பக்கவாட்டில் எட்டாது. பழைய துறைமுகத்தில் நேரமும் முதுகும் தேய்ந்தது இங்கேதான். கண்ணாடிப் பெட்டிக்குள் கைக்கொக்கிகளை வைத்திருந்தால் நின்று பாருங்கள். நீண்ட ஒற்றைக் கூர் உள்ளது பொதிக்கும் மரப்பெட்டிக்கும். குட்டையாகப் பல கூர்கள் உள்ளது மூட்டைக்கு, ஏனென்றால் நீண்ட கூர் சாக்கைக் கிழித்துத் தானியத்தைக் கொட்டிவிடும். 60 கிலோ காப்பி மூட்டைகள் இருபது சேர்ந்தால் ஒரு வலைக்கட்டு 1.2 டன் வரும். 6,000 டன் சரக்கை இறக்க இப்படி 5,000 தூக்குகள் தேவை. ஒரு கப்பல் துறையில் வாரக்கணக்கில் நின்றதற்குக் காரணம் இந்த எளிய வகுத்தல் கணக்குதான்.

சரக்கறையின் சுவர்களில் மரச்சட்டங்கள் இடைவெளி விட்டு அடித்திருப்பதையும் கவனியுங்கள். சரக்கு இரும்புத் தகட்டைத் தொடாமல் இருக்க அது. வெளியே குளிர்ந்த கடல், உள்ளே ஈரக்காற்று, தகட்டில் வேர்க்கும். தொட்டுக்கொண்டிருக்கும் மூட்டை பூசணம் பிடிக்கும்.

மேல்தளத்துக்கு வந்தால் டெரிக் எனப்படும் நீண்ட தூக்குக் கைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஹாம்பர்கில் நிற்கும் காப் சான் டியேகோ இதைப் பார்க்க மிக நல்ல கப்பல். 1961-ல் மிதக்கவிட்ட வெள்ளைச் சரக்குக் கப்பல், இன்றும் சொந்த இயந்திரத்தில் பயணம் போகிறது. இரண்டு கைகளில் ஒன்றைச் சரக்கறை வாய்க்கு மேலும் மற்றொன்றைத் துறைமேடைக்கு மேலும் நீட்டி அசையாமல் கட்டிவிடுவார்கள். இரண்டின் கம்பிவடங்களும் ஒரே கொக்கியில் சேரும். வடத்தைச் சுற்றி இழுக்கும் இயந்திரமான வின்ச் இரண்டில் முதலாவது தூக்கும், பிறகு அது விடவிட இரண்டாவது இழுக்கும். கைகள் அசையாமலே சரக்கு குறுக்கே போய் இறங்கும். வேகமான முறை. ஆனால் சரக்கை அளவுக்கு மேல் உயர்த்திவிட்டால் ஆபத்து வரும். கொக்கி மேலே போகப் போக இரு வடங்களுக்கும் இடைப்பட்ட கோணம் விரிகிறது. கோணம் 120 பாகை ஆகும்போது ஒவ்வொரு வடத்திலும் முழுச் சரக்கின் எடைக்குச் சமமான இழுவிசை விழுகிறது. அதற்கு மேல் விரிந்தால் இழுவிசை சரக்கின் எடையையே தாண்டும். வடம் அறுந்தோ கை மடங்கியோ நடந்த விபத்துகள் ஏராளம். இதனால்தான் டெரிக்கின் மேல் எழுதியுள்ள எடையளவைவிட, ஜோடியாகப் பயன்படுத்தும்போது அனுமதித்த எடை மிகக் குறைவு. வின்ச் ஓட்டுபவர் நின்ற இடத்தில் நின்று பாருங்கள். பெரும்பாலான கப்பல்களில் அங்கிருந்து சரக்கறையின் அடி தெரியாது. வாயருகே நின்று கைசாடை காட்டிய ஆளை நம்பித்தான் முழு வேலையும் நடந்தது.

இப்போது மூட்டை மேடைக்கு வந்துவிட்டது. இங்கே அவசரப்படாதீர்கள். துறைமுக இயந்திரங்களைத்தான் பலரும் ஓரப்பார்வை பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள், நான் சொல்வதானால் நாளின் பாதியை இதற்கே கொடுக்கலாம்.

ஒவ்வொரு கிரேனிடமும் விசை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். மிகப் பழைய பதில்: மனிதன் நடந்து. போலந்தின் க்தான்ஸ்க் நகரில் ஆற்றங்கரையில் நிற்கும் 15-ஆம் நூற்றாண்டு மரக் கிரேன் இன்று தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. அதனுள்ளே பெரிய மரச்சக்கரங்கள் உள்ளன. ஆட்கள் சக்கரத்துக்குள் ஏறி நடக்க, அச்சில் வடம் சுற்றும். 4 டன் வரை 11 மீட்டர் உயரத்துக்குத் தூக்கியது. சரக்குக்கு மட்டும் இல்லை, கப்பல்களுக்குப் பாய்மரம் நட்டதும் இதே கிரேன்தான். 1945-ல் மரப்பகுதி எரிந்து, பிறகு மீண்டும் கட்டியது. சக்கரம் பெரிதாகவும் அச்சு ஒல்லியாகவும் இருப்பதைப் பாருங்கள். அந்த விகிதம்தான் ஒரு மனிதனின் எடையைப் பல மடங்காக்கியது. இறக்கும்போதுதான் பயம். பிரேக் பிடிக்காமல் சக்கரம் திரும்பிச் சுழன்றால் உள்ளே இருப்பவர் தப்ப வழியில்லை.

நீராவிக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் துறையில் 1878 முதல் நிற்கும் ஃபேர்பேர்ன் வகைக் கிரேன். 35 டன் தூக்கும். கொக்கின் கழுத்துப்போல் வளைந்த அதன் கை, ரிவெட் அடித்த தகடுகளாலான உள்ளீடற்ற பெட்டி. நேரான கையாக இருந்தால் கப்பலின் பக்கவாட்டு இடிக்கும், வளைந்ததால் உயர்ந்த பக்கவாட்டையும் தாண்டிச் சரக்கறைக்கு மேலே எட்டுகிறது. இந்தக் கிரேனின் எஞ்சிய பகுதி தரைக்குக் கீழே இருக்கிறது. பல்லை வேர் பிடித்திருப்பதுபோல், கற்குழிக்குள் இறங்கிய தண்டுதான் முழுச் சாய்வையும் தாங்குகிறது. எதிர் எடை இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு விடை அங்கே.

அடுத்தது நீரழுத்தம். விளக்கப் பலகை போதாமல் பெரும்பாலும் புரியாமலே போவது இதுதான், அதனால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வில்லியம் ஆம்ஸ்ட்ராங் என்ற பொறியாளர் 1846-ல் இங்கிலாந்தின் நியூகாசில் துறையில் நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தைக் கொண்டே ஒரு கிரேனை இயக்கிக் காட்டினார். உயரத்தில் தொட்டி இல்லாத ஊரில் என்ன செய்வது? அதே நாட்டின் கிரிம்ஸ்பி துறைமுகத்தில் 1852-ல் இதற்காகவே 94 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பி உள்ளே தொட்டி வைத்தார்கள். ஆனால் தண்ணீரை 10 மீட்டர் உயர்த்தினால் கிடைப்பது 1 பார் அழுத்தம் மட்டுமே. 50 பார் வேண்டுமென்றால் 500 மீட்டர் கோபுரம் கட்ட வேண்டும். ஆம்ஸ்ட்ராங் கோபுரத்தைக் கைவிட்டு எடையை வைத்தார். செங்குத்தான உருளைக்குள் ஒரு தடித்த பிஸ்டன், அதன் தலையில் கல்லும் இரும்புக் கழிவும் நிரப்பிய பெருந்தொட்டி. 45 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன்மேல் 80 டன் ஏற்றினால் 50 பார் கிடைத்துவிடும். நீராவிப் பம்பு மெதுவாகத் தண்ணீரை உள்ளே தள்ள, எடை ஏறும். கிரேன்கள் தண்ணீர் எடுக்க, எடை இறங்கும். அது 6 மீட்டர் இறங்கும்போது தரும் ஆற்றல் கணக்குப் போட்டால் 1.3 கிலோவாட் மணிதான். சேமிப்புச் சிறியது, ஆனால் ஒரே நொடியில் பல கிரேன்கள் கேட்டாலும் அள்ளிக் கொடுக்கும். பம்பு சராசரித் தேவைக்கு மட்டும் இருந்தால் போதும், உச்சத் தேவையை எடை பார்த்துக்கொள்ளும்.

நீரழுத்தக் கிரேனில் சுழலும் இயந்திரத்தைத் தேடாதீர்கள், இருக்காது. ஒரு நீண்ட பிஸ்டனும், அதன் இரு முனைகளில் கப்பிக் கூட்டமும், இடையே முன்னும் பின்னும் சுற்றிய சங்கிலியும் இருக்கும். எட்டு முறை சுற்றியிருந்தால் பிஸ்டன் 1 மீட்டர் நகர, கொக்கி 8 மீட்டர் உயரும். பிஸ்டன் தள்ள வேண்டிய விசையும் எட்டு மடங்கு. கப்பிச் சுற்றுகளை விரலால் எண்ணிப் பார்த்தால் கிரேனின் விகிதம் உங்கள் கையில். இந்த முறையின் குறை என்னவென்றால், வெறும் கொக்கியைத் தூக்கினாலும் முழுச் சரக்கைத் தூக்கினாலும் செலவாகும் தண்ணீர் ஒன்றே. அதனால்தான் சில கிரேன்களில் சிறு சுமைக்கும் பெருஞ்சுமைக்கும் தனித்தனி உருளைகள் உண்டு. உறைபனிக் காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும் என்பது இன்னொரு தொல்லை. இரவில் வடித்துவிடுவதும், வால்வுகளுக்குக் கீழே சிறு சுடர் எரியவைப்பதும் வழக்கமாக இருந்தது.

மின்சாரக் கிரேன்களில் இரண்டு விஷயங்கள் பாருங்கள். முதலாவது, கால்கள். வாசல்போல் உயர்ந்த கால்களுக்கு நடுவே ரயில் பெட்டிகள் புகுந்துபோகும், தரை இடம் வீணாகாது. சில கிரேன்களுக்கு ஒரு கால் மேடையிலும் மறு பக்கம் கிடங்குச் சுவரின் விளிம்பிலும் ஓடும். இரண்டாவது, கையை உள்ளே இழுக்கும்போது சரக்கு உயராமல் அதே மட்டத்தில் வருகிறதா என்பது. சாதாரணக் கையை நிமிர்த்தினால் சரக்கும் சேர்ந்து உயரும், மோட்டார் வீணாக உழைக்கும். ஸ்டாதர்ட் அண்ட் பிட் என்ற கிரேன் நிறுவனத்தில் டாப்லிஸ் என்ற வடிவமைப்பாளர் கண்டுபிடித்த முறையில், தூக்கும் வடம் கையின் நுனிக்கும் கோபுரத்தின் தலைக்கும் இடையே கூடுதலாகச் சில முறை போய்வருகிறது. கை நிமிர நிமிர அந்த இடைவெளி குறைந்து வடம் விடுபடும், நுனி உயர்ந்த அளவுக்குக் கொக்கி தாழும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். பிரிஸ்டலில் எம் ஷெட் அருங்காட்சியகத்தின் வாசலில் இதே நிறுவனம் 1951-ல் செய்த நான்கு மின் கிரேன்கள் வரிசையாக நிற்கின்றன.

கிரேனின் பெயர்ப்பலகையில் எடையும் தூரமும் சேர்த்தே எழுதியிருக்கும். எடையை மட்டும் படித்தால் பாதிச் செய்திதான். நடுவிலிருந்து கொக்கி எட்டும் தூரம் இரட்டித்தால் தூக்கக்கூடிய எடை ஏறக்குறையப் பாதியாகும், கவிழ்க்கும் விசை இரண்டின் பெருக்கம் என்பதால். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் 1907-ல் எழுப்பிய டைட்டன் என்ற ராட்சதக் கிரேன் 150 டன் தூக்கியது. அதன் சுத்தியல் வடிவத்தில் குட்டைக் கைப் பக்கம் ஏன் அவ்வளவு கனம் என்பதும் இதே கணக்குத்தான்.

பிரிஸ்டல் நகரத் துறை 1970-களின் நடுவில் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டது. 1951-ல் வந்த கிரேன்களுக்குக் கால் நூற்றாண்டுகூட முழு வேலை இல்லை. எங்கும் இதே கதைதான், காரணமும் ஒன்றே. 1956 ஏப்ரல் 26-ல் ஐடியல் எக்ஸ் என்ற மாற்றியமைத்த எண்ணெய்க் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளோடு அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மூட்டைக்குப் பதில் பெட்டி. கன்டெய்னர் ஒன்று காட்சியில் இருந்தால் அதன் எட்டு மூலைகளிலும் உள்ள துளையிட்ட வார்ப்புகளைத் தொட்டுப் பாருங்கள். கப்பல், லாரி, ரயில், கிரேன் நான்கும் பிடிப்பது அந்தத் துளையைத்தான். சரக்கறையில் மூட்டை இழுத்த ஆள், கைக்கொக்கி, வலை, ஜோடி டெரிக் எல்லாவற்றையும் தேவையற்றதாக்கியது அந்த உள்ளங்கை அளவுத் துளை.

மதியத்துக்குப் பிறகு இயந்திர அறை. ஏணி குறுகல், கூட்டம் சேர்ந்தால் நிற்க இடமிருக்காது, ஆகவே மற்றவர்கள் சாப்பிடப் போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். மூன்று உருளைகள் வரிசையாக, ஒன்றைவிட ஒன்று பெரிதாக நின்றால் அது மும்முறை விரிவு நீராவி இயந்திரம். சான் பிரான்சிஸ்கோவில் இன்றும் ஓடும் ஜெரிமையா ஓ'பிரையன் என்ற 1943-ஆம் ஆண்டு லிபர்ட்டி வகைப் போர்க்காலச் சரக்குக் கப்பலின் உருளை விட்டங்கள் 62, 94, 178 சென்டிமீட்டர். 15 பார் நீராவி முதலில் சிறியதில் வேலை செய்து, அழுத்தம் குறைந்து அடுத்ததற்கும், பிறகு பெரியதற்கும் போகிறது. கடைசி உருளையின் பரப்பு முதலாவதைப்போல் எட்டு மடங்கு. அழுத்தம் குறைந்த நீராவியிடமிருந்தும் அதே அளவு தள்ளுவிசை பெற அந்த அகலம் வேண்டும். 2,500 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 76 சுற்று. அவ்வளவு மெதுவாக ஓடுவதால்தான் எண்ணெய் போடுபவர் ஓடும்போதே தண்டின் மூட்டைக் கையால் தொட்டுச் சூடு பார்க்க முடிந்தது. கை அதனோடு சேர்ந்து ஆட வேண்டும், தாளம் தப்பினால் விரல் போகும்.

கைப்பிடித் தகடுகளில் எது தேய்ந்து பளபளக்கிறது என்று பாருங்கள். எதை நாளும் தொட்டார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

இவ்வளவும் எப்படி அழியாமல் நிற்கிறது என்பதே தனிப் பாடம். இரும்புக் கப்பலில் மிக மோசமாக அரிப்பது நீர்மட்டத்தை ஒட்டிய பட்டை, காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடம். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு தகடுகளுக்கு நடுவே துரு பிடித்தால் அவற்றை விலக்கி ரிவெட் தலையையே தெறிக்கவைக்கும். புடைத்த விளிம்புகள் தெரிந்தால் காரணம் அதுதான். பிரிஸ்டலில் உள்ள கிரேட் பிரிட்டன், புரூனல் என்ற பொறியாளர் வடிவமைத்து 1843-ல் மிதக்கவிட்ட இரும்புக் கப்பல். ஃபாக்லாந்துத் தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்ததை 1970-ல் மிதக்கவைத்து, கட்டிய அதே உலர்துறைக்குக் கொண்டுவந்தார்கள். இரும்புக்குள் ஊறிய உப்பை முழுதாக எடுக்க வழியில்லை. எனவே நீர்மட்டத்தில் கண்ணாடிக் கூரை போட்டு, அதன் கீழே காற்றின் ஈரப்பதத்தை 20 சதவீத அளவுக்கு உலர்த்துகிறார்கள். அந்த அளவில் துரு ஏறக்குறைய நின்றுவிடும். கண்ணாடிக்குக் கீழே இறங்கினால் உதடு காய்வதை உணரலாம்.

மரத்துக்கு எதிரி கடல்நீரைவிட மழைநீர். உப்பு அழுகலைத் தடுக்கும், நன்னீர் வளர்க்கும். தளப்பலகைகளின் இடுக்கில் நாரும் தாரும் வைத்து அடைக்கும் கலப்பத்து வேலை ஓரிடத்தில் விட்டுப்போனாலும், சொட்டும் மழைநீர் கீழே விட்டத்தின் முனையில் தேங்கி உள்ளிருந்தே அழுக்கும். கையில் சிறு விளக்கு இருந்தால் தளத்தின் அடியில், விட்டம் பக்கவாட்டைத் தொடும் மூலைகளைப் பாருங்கள், கறை அங்கேதான் முதலில் தெரியும். நீரடியிலிருந்து எடுத்த மரம் வேறு வகை. ஸ்டாக்ஹோமில் 1628-ல் மூழ்கி 1961-ல் மேலே வந்த வாசா என்ற போர்க்கப்பலை உலரவிட்டிருந்தால் மரம் சுருங்கி வெடித்திருக்கும். பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளைக் கரைத்து 17 ஆண்டுகள் தெளித்தார்கள். 1869-ஆம் ஆண்டின் 'கட்டி சார்க்' என்ற பாய்மரக் கப்பலில் இரும்புச் சட்டமும் மரப்பலகையும் கலந்திருப்பதால் இரண்டு நோய்களும் சேர்ந்தே உண்டு. லண்டனின் கிரீனிச்சில் அதை 3 மீட்டர் உயர்த்தி வைத்திருப்பதால் அதன் அடியில் நடந்து, பித்தளை நிற உறையின் வளைவை நேருக்கு நேர் பார்க்கலாம். அந்த உறை கப்பல் புழுவுக்கும் பாசிக்கும் எதிரானது, செம்பும் துத்தநாகமும் கலந்தது.

நடைமுறைக்குச் சில. ரப்பர் அடியுள்ள மூடிய காலணி போடுங்கள். இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், முதுகுப்பையை வாசலிலேயே வைத்துவிடுங்கள். கப்பல் ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும், முதுகைக் காட்டி இறங்குபவர்கள்தான் வழுக்குகிறார்கள். கதவுகளின் அடியில் அரை அடி முதல் முழங்கால்வரை உயரும் வரம்பு இருக்கும், தலைக்கு மேலே விட்டமும் இருக்கும். காலைப் பார்த்தால் தலை இடிக்கும், ஆகவே ஒவ்வொரு வாசலிலும் நின்று இரண்டையும் பார்த்துவிட்டு நகருங்கள். இயந்திர அறை நடைபாதை கம்பி வலை. சட்டைப்பையில் உள்ள கைபேசியும் சாவியும் அதன் வழியே விழுந்தால் எடுப்பது கடினம். குழாய்மேல் சுற்றிய வெள்ளைப் பொதியைத் தொடாதீர்கள், உரிக்கவும் கூடாது. பழைய கப்பல்களில் அது கல்நாராக (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம். ஓதம் ஏறி இறங்கும் துறையில் கப்பலுக்குப் போகும் நடைபாலத்தின் சரிவு மணிக்கு மணி மாறும். சக்கர நாற்காலியோ தள்ளுவண்டியோ இருந்தால் சரிவு குறைந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிரேன் அறைக்கு ஏறுவது காற்று வீசினால் நிறுத்தப்படும், எனவே அனுமதி இருந்தால் வானம் தெளிவாக இருக்கும் முதல் வாய்ப்பிலேயே ஏறிவிடுங்கள்.

உள் மண்டபத்தில் மாதிரிகள் பல இருக்கும். எல்லாவற்றையும் பார்க்க வேண்டியதில்லை. சுவரில் பதித்த, நீளவாக்கில் பாதியாக வெட்டியதுபோன்ற மரமாதிரி இருந்தால் அதற்கு மட்டும் நில்லுங்கள். அது அலங்காரத்துக்குச் செய்ததாக இல்லாமல் இருக்கலாம். கப்பல் கட்டியவர் முதலில் மரத்தில் அந்தப் பாதியைச் செதுக்கி, அதிலிருந்து அளவெடுத்துத்தான் உண்மையான சட்டங்களை வெட்டினார். அடுக்கடுக்கான பலகைகளாகப் பிரிக்கும்படி செய்திருந்தால் நிச்சயம் பட்டறையில் உழைத்த மாதிரி அது.

இயந்திரங்களைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் பலர் முன்னாள் கப்பல் இயந்திரப் பணியாளர்கள். இது எந்த ஆண்டு, எத்தனை டன் என்பதெல்லாம் பலகையிலேயே இருக்கிறது. அவர்களிடம் கேட்க வேண்டியது வேறு: இதில் எந்தப் பகுதி அடிக்கடி பழுதாகிறது, மாற்றுப் பாகம் எங்கிருந்து வருகிறது, இதை ஓட்டும்போது எந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துவீர்கள்? மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் அவர்கள் வாயால் பதில் சொல்வதில்லை. எழுந்து போய், சுழல்தண்டைத் தாங்கும் தாங்கியின் மேல் கையை வைத்துக் காட்டுவார்கள்.